எண்ணெய் வரும் கடல் வழியும் யூரியா மூட்டையும்

ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் கடைமடை வயலில், மேலே அடைப்பு ஏற்பட்டால் பயிர் வாடிவிடும். வயலில் கிணறும் இருந்தால் விவசாயி சமாளித்துக்கொள்வார். வெளிநாட்டு எண்ணெயை நம்பியுள்ள நாட்டின் நிலையும் இதுவே.

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இதில் பெரும்பகுதி நெடுங்காலமாக ஈராக், சவூதி அரேபியா போன்ற வளைகுடா நாடுகளிலிருந்து வருவதாகும். வளைகுடாவிலிருந்து கப்பல் வெளியேற உள்ள ஒரே கடல் வழி, ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையிலுள்ள ஹோர்முஸ் நீரிணை. இதன் மிகக் குறுகிய இடம் சுமார் 33 கிலோமீட்டர் அகலம். 2024ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் இவ்வழியே சென்றது. இது உலகத் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

வழி முற்றிலும் அடைபட வேண்டும் என்பதில்லை. ஆபத்து என்ற அச்சமே கப்பல் காப்பீட்டையும் வாடகையையும் ஏற்றிவிடும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் நீண்டது; செலவும் கூடியது.

யூரியாவுக்கு என்ன தொடர்பு?

யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு மூலப்பொருள். நம் உரத் தொழிற்சாலைகள் இறக்குமதி எரிவாயுவையும் பயன்படுத்துகின்றன. இந்தியாவுக்குப் பல ஆண்டுகளாக மிகுதியாக எரிவாயு தந்துவந்த கத்தார், வளைகுடாவுக்குள் உள்ளது. கச்சா எண்ணெயில் ஒரு பகுதியையாவது சவூதி அரேபியா குழாய் மூலம் செங்கடல் துறைமுகத்திற்கு அனுப்ப முடியும். திரவமாக்கப்பட்டுக் கப்பலில் வரும் கத்தார் எரிவாயுவுக்கு அத்தகைய மாற்று வழி இல்லை. ஆகவே ஹோர்முஸில் இடையூறு நேர்ந்தால், டீசலைப் போலவே யூரியாவும் பாதிக்கப்படும்.

பாதுகாப்பு எது?

முதலாவது, பல நாடுகளிலிருந்து, பல வழிகளில் வாங்குவது. 2022க்கு முன் ரஷ்ய எண்ணெய் நம் இறக்குமதியில் மிகச் சொற்பம். 2023-24இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது.

இரண்டாவது, இருப்பு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் நிலத்தடிப் பாறையைக் குடைந்து அமைத்த கிடங்குகள் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும். இது நாட்டின் தேவைக்குச் சுமார் ஒன்பதரை நாட்களுக்குப் போதும். திரவ எரிவாயுவை இப்படி நெடுநாள் இருப்பு வைப்பது கடினம்.

மூன்றாவது, சிக்கனம். இது விவசாயியின் கையில் உள்ளது. நெல் நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45ஆம் நாள் மடக்கி உழுதால் தழைச்சத்தில் ஒரு பகுதி கிடைத்துவிடும். இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் யூரியா இடலாம். ஆயில் என்ஜின் வைத்திருப்போர் தண்ணீரைத் தடையின்றி விடும் புட்வால்வைப் பொருத்தி, குழாயில் தேவையற்ற வளைவுகளை நீக்கினால் டீசல் மிச்சமாகும்.

கடல் வழியைக் காப்பது அரசின் பொறுப்பு. அவ்வழி தடைபடும் நாளில் பயிரைக் காக்கும் கிணறு, விவசாயி இன்று பழகும் சிக்கனமே.