கரகரக்காமல் கியர் மாற்றுவது எப்படி?

வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்க முயன்றால் என்ன ஆகும்? பற்கள் மோதிக் ‘கரகர’வென்று ஓசை எழும். மோதல் தொடர்ந்தால் பற்களின் முனை சிதையும். சிதைந்த உலோகத் துணுக்குகள் எண்ணெயில் கலந்து மற்றப் பாகங்களையும் கெடுக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணி ஓட்டுவோர் இதைத் தவிர்ப்பதையே ஒரு கலையாகப் பயின்றிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 1,798 க.செ.மீ. கொள்ளளவு கொண்டது. நமக்குப் பழக்கமான அம்பாசடர் காரில் இருந்த 1,489 க.செ.மீ. எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எம்.ஜி.பி.யில் முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள் உண்டு. தொடக்க கால வண்டிகளில், முதல் கியரில் எஞ்சின் 3.64 முறை சுழன்றால்தான் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு முறை சுழலும். வேகம் குறைகிறது, ஆனால் சுழற்றும் விசை அதே அளவில் பெருகுகிறது. நின்ற வண்டியை நகர்த்த இவ்விசை தேவை. இரண்டாம் கியரில் இவ்விகிதம் 2.21, மூன்றாவதில் 1.37, நான்காவதில் 1.

மேல் மூன்று கியர்களிலும் ‘சின்க்ரோமெஷ்’ என்னும் அமைப்பு உண்டு. கூம்பு வடிவப் பரப்பின் மீது ஒரு வளையம் உராய்ந்து, இரு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்துகிறது; அதன் பின்னரே பற்கள் கோத்துக்கொள்கின்றன. முதல் கியருக்கு இவ்வசதி 1967-ஆம் ஆண்டின் இறுதியில்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் அந்த வேலையை ஓட்டுபவரே செய்யவேண்டும்.

எப்படி? இரண்டாம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்கிறது என்று கொள்ளுங்கள். வண்டியின் வேகம் மாறாமல் முதல் கியருக்கு வந்தால், எஞ்சின் ஏறத்தாழ 3,300 முறை சுழலவேண்டும். ஆகவே கிளட்சை அழுத்திக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதிக்க வேண்டும். கிளட்சை விடுவது ஏன்? அப்போதுதான் எஞ்சினோடு இணைந்து கியர்பாக்ஸின் உள்தண்டும் வேகம் பெறும். வேகம் கூடியதும் மறுபடி கிளட்சை அழுத்தி முதல் கியரில் தள்ளினால், ஓசையின்றி விழும். கிளட்சை இருமுறை அழுத்துவதால் இதற்கு ‘இரட்டைக் கிளட்ச்’ முறை என்று பெயர்.

வண்டி நிற்கும்போது சிக்கல் தலைகீழானது. கிளட்சை அழுத்திய பிறகும் உள்தண்டு சிறிது நேரம் சுழலும். அப்போது இரண்டாம் கியரை ஒருமுறை தொட்டால் அதன் சின்க்ரோமெஷ் தண்டை நிறுத்திவிடும். உடனே முதல் கியர் எளிதில் விழும்.

ஆண்டுகள் செல்லச்செல்ல வளையங்கள் தேயும். குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்திருக்கும். அவ்வேளைகளில் மேல் கியர்களையும் நிதானமாக மாற்றுவதே நல்லது. லிவரை வலிந்து தள்ளுவதால் பயனில்லை. அது தானாக வழிவிடும் கணத்தைக் கை உணரவேண்டும், காது கேட்கவேண்டும். இந்த இணக்கத்தில்தான் பழைய வண்டியை ஓட்டும் இன்பம் இருக்கிறது.

கியர் வைத்த பஸ்ஸில் அடுத்த முறை செல்லும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். மேல் கியருக்கு மாற்றும்போது எஞ்சின் ஒலி தாழும். கீழ் கியருக்கு வரும்போது உயரும். மேலே நாம் போட்ட கணக்கே உங்கள் காதில் ஒலிக்கும்!