யுரேனியத்துக்குள் விட்டுவைத்த இடம்

அணு உலைக்கு எரிபொருளாகும், சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கறுப்பு வில்லை அது. யுரேனியம் டை ஆக்சைடு பொடியை அழுத்தி, ஏறத்தாழ 1700 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்த பீங்கான். அந்தப் பொருளின் முழு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.96 கிராம். சுட்ட வில்லையில் அதில் சுமார் 95 சதவீதம்தான் தேறும். மீதி இடம் நுண்துளைகளுக்கு.

உலைக்குள் போனதும் அடர்த்தி முதலில் கூடுகிறது. யுரேனிய அணு பிளந்ததும் அதன் துண்டுகள் சில மைக்ரோமீட்டர் தூரம் படிகத்தைத் துளைத்துப் பாய்கின்றன. வழியில் அகப்படும் மிகச் சிறிய துளைகள் கரைந்துவிடுகின்றன, வில்லை சுருங்குகிறது. சூளை முடிக்காமல் விட்ட வேலையை அணுப்பிளவு முடித்துவைக்கிறது! 1972இல் நியூயார்க் மாநிலத்தின் ஜின்னா அணுமின் நிலையத்தில் இது வெளிப்பட்டது. வில்லை அடுக்கு இறங்கி இடைவெளி விழுந்த இடங்களில், வில்லைகளை அடுக்கியிருந்த உறைக்குழாய் வெளிநீரின் அழுத்தத்தால் நசுங்கியிருந்தது. குழாய்க்குள் ஹீலியத்தை அழுத்தி நிரப்புவதும், எளிதில் கரையாத சற்றுப் பெரிய துளைகள் அமையும்படி சுடுவதும் பின்னர் வழக்கமாயின.

அதன்பின் வீக்கம். ஓரணு இருந்த இடத்தில் இப்போது இரண்டு. எதனோடும் சேராத செனான், கிரிப்டான் வாயுக்கள் குமிழிகளாகத் திரள்கின்றன. அடர்த்தி மெல்லக் குறைகிறது.

என்னை வணங்க வைப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கி நிற்கும் படிக அமைப்புதான். ஆக்சிஜன் அணுக்கள் கனசதுரக் கூடுகளாக நிற்கின்றன. ஒரு கூட்டில் யுரேனியம், அடுத்த கூடு காலி. இப்படியே மாறி மாறி. அடிபட்டு விலகும் அணு ஒதுங்க அங்கே இடமுண்டு. உலையில் இருக்கும் சில ஆண்டுகளில் ஒவ்வோர் அணுவும் நூற்றுக்கணக்கான தடவை இடம்பெயர்க்கப்படுகிறது. அப்படியும் படிகம் படிகமாகவே நிற்கிறது. இதைவிட மிகக் குறைந்த அடியிலேயே ஜிர்கான் கல் ஒழுங்கு குலைந்து கண்ணாடி போலாகிவிடும். படைத்தவன் பாதிக் கூடுகளைக் காலியாக விட்டதில் எத்தனை முன்யோசனை!

மனிதன் இந்த ஆக்சைடைச் சுடக் கற்பதற்கு வெகுகாலம் முன்பே பூமி சோதித்துப் பார்த்துவிட்டது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஓக்லோவில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியத் தாது தானாகவே அணு உலையாகி, பல லட்சம் ஆண்டுகள் விட்டுவிட்டு எரிந்தது. அந்தத் தாதுவும் இதே ஆக்சைடுதான், இதே கூடுகள்தான். அங்கே உண்டான புளூட்டோனியத்தில் பெரும்பகுதி அந்தப் படிகங்களை விட்டு நகராமல், பிறந்த இடத்திலேயே சிதைந்து மறுபடி யுரேனியமாகியிருக்கிறது.