முதுமையும் நாமும் – 9: வந்து பார்ப்பவர்கள்

கொழும்பிலிருந்து களனி ஆற்றைக் கடந்து வத்தளை வழியாக வடக்கே செல்வோருக்கு ஹெந்தளை என்னும் பெயர் இன்று ஹமில்டன் வாய்க்காலையும் கடற்கரை விடுதியையுமே நினைவூட்டக்கூடும். ஆயினும் நம் பாட்டனார் காலத்தவர்கள் அப்பெயரைச் சற்றே குரல் தாழ்த்திச் சொல்லி வந்தமைக்குக் காரணம், ஒல்லாந்தர் 1708 இல் அங்கே நிறுவிய குஷ்டரோக வைத்தியசாலையே ஆகும். நோயாளரைப் பிரித்து வைப்பதை 1901 ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியபோது எத்தனையோ குடும்பங்களிலிருந்து ஒரு தாயோ தமையனோ அந்த மதிலுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, நோய் பூரணமாகக் குணமாகும் காலம் பிறந்த பின்னரும், அதற்குள் முதுமையடைந்துவிட்ட பலர் அங்கேயே தங்கிப்போனார்கள். கிருமி போய்விட்டது, கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் வரவில்லை.

அந்த மதிலுக்கு வெளியே, அதே ஹெந்தளையின் ஒழுங்கைகளில், இன்று வேறொரு விதமான தனிமை குடியேறியிருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இடம் நெருங்கி வாடகையும் ஏறிப்போன காரணத்தால் இப்பக்கம் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்து போக, பெற்றோருடன் ஒருவர் மாத்திரம் நின்றுவிடுகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பதை நான் சொல்லித்தான் வாசகர் அறியவேண்டும் என்பதில்லை. சென்ற வாரங்களில் முதியவர்களின் மனத்தைப் பற்றியே பேசி வந்தோம். இவ்வாரம் அவர்களுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்திருப்பவரின் மனத்தைப் பற்றி.

மறதிநோய் கண்ட தாயொருத்தியை வைத்துப் பராமரிக்கும் மகளை எடுத்துக்கொள்வோம். பகல் முழுதும் ஒருவாறு அமைதியாக இருந்த தாய், பொழுதுபடும் நேரமானதும், தம் சொந்த வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டே, "என்னை வீட்டை கொண்டுபோய் விடு" என்று கேற்றின் பூட்டைப் பிடித்துக் குலுக்கத் தொடங்குகிறார். பம்பர்ஸ் மாற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறார்; வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்த குளிசையைத் தனியே பிரித்தெடுத்துத் துப்பிவிடுகிறார்; நடுச்சாமத்தில் எழுந்து, என்றோ இறந்துபோன தம் தங்கைக்குத் தேநீர் போடச் சொல்கிறார். ஒருநாள் மகளின் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்துவிடுகிறது. உடனே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுகிறாள். அந்த அழுகையில் துக்கத்தைக் காட்டிலும் ஆத்திரமும், ஆத்திரத்தைக் காட்டிலும் ஆத்திரப்பட்டுவிட்டோமே என்ற வெட்கமும் அதிகம். அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து தம்பி வீடியோவில் அழைக்கிறார். "அம்மா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?" தாய் முகம் மலர்ந்து அவர் பெயரைச் சொல்லிவிடுகிறார். "அக்கா, அம்மா வடிவாத்தானே கதைக்கிறா. நீங்கள்தான் சும்மா பயப்பிடுறியள்."

புதிய முகத்துக்கு முன்னால் மறதிநோயாளர் சில நிமிஷங்களுக்குத் தெளிவாக இருந்து காட்டுவது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். ஆனால் அந்தச் சில நிமிஷங்களால் மகளுடைய வார்த்தை பொய்யாகிவிடுகிறதே, அதற்கு மருந்தில்லை. அயலவரும் சுற்றத்தாரும் அவளுக்கு வழங்குவதோ புகழ்ச்சி: "பெத்தவளைப் பாக்கிறதுக்குப் புண்ணியம் செய்திருக்கவேணும்." இப்புகழ்ச்சியைப் போல் மலிவான கூலி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, புண்ணியவதி என்று பெயர் வாங்கிவிட்டவள் அதன்பின் "எனக்கு ஏலாமல் இருக்கு" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1980 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மறதிநோயாளர் 29 பேரையும் அவர்களைப் பராமரிப்போரையும் கண்டு, பராமரிப்போர் உணரும் பாரம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். நோயாளியின் தொந்தரவு கூடக்கூடப் பாரமும் கூடும் என்றுதானே எவரும் எண்ணுவர்? அந்தச் சிறு குழுவில் அவ்வாறு காணப்படவில்லை. மற்ற உறவினர்கள் அடிக்கடி வந்து பார்த்துப் போன வீடுகளில் பாரம் குறைவாகக் காணப்பட்டது. பின்வந்த பெரிய ஆய்வுகள் நோயாளியின் நடத்தைக் கோளாறுகளுக்கும் உரிய பங்கைக் கொடுத்திருக்கின்றன என்பது உண்மை; எனினும் உறவினர் வருகை பற்றிய அந்த முடிவை நம்மவர்கள் அலட்சியம் செய்யக்கூடாது என்பது என் துணிபு. நியூயோர்க்கில் மேரி மிட்டல்மன் குழுவினர் 1996 இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. கணவனையோ மனைவியையோ பராமரித்து வந்த 206 பேரில் ஒரு பகுதியினருக்கு, அவர்களுடைய பிள்ளைகளையும் சகோதரங்களையும் கூட்டி உட்காரவைத்துப் பேசும் ஆலோசனை அமர்வுகளை அவர்கள் நடத்தினார்கள். அக்குடும்பங்களில் நோயாளி பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பப்படும் காலம் ஏறக்குறைய ஒரு வருஷம், கணக்காகச் சொன்னால் 329 நாள், தள்ளிப்போயிற்று.

நம் நாட்டிலே 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று பிள்ளைகளைப் பணிக்கிறது. வழியற்ற பெற்றோர் பராமரிப்புப் பணம் கோரி விண்ணப்பிக்கவும் இடம் வைத்திருக்கிறது. சீன தேசமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி, 2013 இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டத்தால் ஒருவரை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தலாம். வந்தவர் என்ன பேசுவார் என்பதற்குச் சட்டம் பொறுப்பாகுமா?

ஏனெனில் வருகையிலும் தரபேதம் உண்டு. ஆடிவேல் காலத்தில் வந்திறங்கி, வெள்ளவத்தையில் தங்கிச் சேலையெடுத்து முடிந்தபின், ஒரு பின்னேரம் ஹெந்தளைக்கு வந்து, "அம்மா நல்லா மெலிஞ்சு போனா, ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறவரின் வருகை பாரத்தை இருமடங்காக்கும். அக்காவை ஒரு கிழமைக்குக் கதிர்காமத்துக்கோ சினேகிதி வீட்டுக்கோ அனுப்பிவிட்டு, பம்பர்ஸும் கஞ்சியும் பொழுதுபடும் நேரத்துக் கேற்றும் என் பொறுப்பு என்று நிற்பவரின் வருகையே நான் சொல்லும் வருகை. ஒரு கிழமை முடிவதற்குள் அவருக்கும் ஒரு கடுஞ்சொல் வரும், வரட்டும். அதன்பின் தொலைபேசியில் அக்காவுடன் கதைக்கும் தொனி மாறியிருக்கும்.

வரக்கூடிய உறவினரே இல்லாதவர்கள் மருதானையில் 2001 முதல் இயங்கிவரும் லங்கா அல்ஸைமர்ஸ் மன்றத்தை நாடலாம். மனம் மிகவும் சோர்ந்துபோன வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தைச் சுழற்றலாம். பைத்தியக்காரர்களுக்கான இலக்கம் என்று எண்ணித் தயங்குவோர் நம்மில் அநேகர், அது வீண் தயக்கம். சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வோரும் இப்போது பெருகி வருகிறார்கள். அதில் உள்ள ஆறுதலையும் சிக்கலையும், முக்கியமாகப் பணம் அனுப்புகிறவருக்கும் வேலை வாங்குகிறவருக்கும் இடையே எழும் மனஸ்தாபங்களையும், அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.