வாக்கு எவரதும் பரம்பரைச் சொத்தல்ல

ஐக்கிய அமெரிக்காவில் ஸ்பானிய மொழிவழிச் சமூகத்தைச் சேர்ந்த தன்பாலின ஈர்ப்பாளர் ஒருவர், பழமைவாதக் குடியரசுக் கட்சிக்காகத் தமது ஊரில் பிரசாரம் செய்வாராயின், பலரும் அவரை முரண்பாட்டின் உருவமாகவே நோக்குவர். சிறுபான்மையினர் ஜனநாயகக் கட்சிக்கே உரியவர்கள் என்ற எடுகோளே இதற்குக் காரணமாகும்.

யதார்த்தம் வேறானது. சனத்தொகையில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஸ்பானிய வழியினரான டெக்சாஸின் ஸ்டார் மாவட்டம், ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர் முதற்தடவையாக 2024 ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரித்தது.

தன்பாலின ஈர்ப்பாளரான பழமைவாதிகளும் புதியவர்களல்லர். அவர்களது 'லொக் கெபின்' அமைப்பு 1970களின் இறுதியில் கலிபோர்னியாவில் உருவானது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆசிரியர்களை அரச பாடசாலைகளிலிருந்து விலக்க அங்கு முன்வைக்கப்பட்ட பிரேரணையை, 1978இல் குடியரசுக் கட்சியின் முக்கியஸ்தரான ரொனால்ட் ரீகனே பகிரங்கமாக எதிர்த்தார். வாக்காளரும் அதனை நிராகரித்தனர்.

ஆயினும், 2022இல் டெக்சாஸ் குடியரசுக் கட்சி தனது மாநாட்டில் இவ்வமைப்புக்குக் காட்சிக்கூடம் வழங்க மறுத்தது. தன்பாலின ஈர்ப்பு இயல்புக்கு மாறானதெனக் கொள்கை அறிக்கையிலும் குறிப்பிட்டது.

பிறப்பைக் கொண்டு வாக்கை உரிமை கோருகிறது ஒரு தரப்பு. வாக்கை ஏற்று, வாக்களித்தவரை வாசலில் நிறுத்துகிறது மறுதரப்பு. இவ்விரண்டையும் அறிந்தும் உள்ளிருந்தே போராடுபவரின் தெரிவை ஒருவர் ஏற்காதிருக்கலாம். ஆனால், அது அவரது தெரிவு என்பதை மறுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.