தெரிந்தவருக்குத் தெரிந்தவர்

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடும் மென்பொருள் ஒன்றை அமேசான் நிறுவனம் 2014-இல் உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டுகளில் அந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த விண்ணப்பங்கள்தான் அதற்குப் பாடம். அவற்றை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே, ஆண்களே பொருத்தமானவர்கள் என்று மென்பொருள் முடிவுகட்டிக்கொண்டது. 'பெண்கள் சதுரங்கக் குழுவின் தலைவி' என்று எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களையும் பின்னுக்குத் தள்ளியது. திருத்திப் பார்த்தார்கள். அதே பாரபட்சம் வேறு வழியில் நுழையாது என்பதற்கு உத்தரவாதம் கிடைக்கவில்லை. கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது.

இத்தகைய மென்பொருள் நேற்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்களைப் போன்றவர்களையே இன்றும் தேடும். பிள்ளைப்பேற்றுக்காகவோ, படுக்கையில் கிடக்கும் பெற்றோரைக் கவனிக்கவோ ஓராண்டு வேலையை விட்டவருக்கு அது வெறும் இடைவெளி. அந்த ஓராண்டில் அவர் எதைத் தாங்கினார் என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

வேலை கிடைப்பதில் மனிதத் தொடர்புகளுக்கு உள்ள பங்கை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரில் புதிதாக வேலை மாறியவர்களிடம் அவர் பேசினார். பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தெரிந்தவர் மூலமாகவே வேலை கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவரோ பெரும்பாலும் நெருங்கிய நண்பர் அல்ல. எப்போதாவது சந்திக்கும் பழைய சகா, முன்னாள் முதலாளி போன்றவர். 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு விளக்கமும் தந்தது. நம் நெருங்கிய வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி, வேறு வட்டத்தில் புழங்குபவரிடமிருந்துதான் வரும்.

இந்தக் கருத்து 2022-இல் பெரிய அளவில் சோதனைக்கு உட்பட்டது. 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று தொழில்முறைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன் காட்டும் பரிந்துரைகளைச் சிலருக்கு நெருக்கமானவர்கள் பக்கமும், சிலருக்குத் தூரத்துப் பழக்கங்கள் பக்கமும் சாய்த்து, ஐந்தாண்டுகளில் இரண்டு கோடிப் பேரிடம் செய்த சோதனைகளின் முடிவு 'சயின்ஸ்' இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவர்கள், பொது நண்பர்கள் சிலர் மட்டுமே உள்ள ஓரளவு தூரத்துப் பழக்கத்தினர்.

அமேசானில் விண்ணப்பங்களைத் தரம்பிரித்த அதே வகை நுட்பம் இங்கே மனிதர்களை அறிமுகப்படுத்தி வைத்தது. இயந்திரத்திடம் நாம் கேட்க வேண்டிய உதவி இதுதான்.

மனிதர்கள் கையில் விட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்குப் பெயர்களைக் குலுக்கல் முறையில் இட்டு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன. 2004-இல் வெளியான ஆய்வு இது. சொந்தக்காரர், சொந்தச் சாதி என்று மட்டும் சிபாரிசு ஓடினால் நம் ஊரிலும் இதே அநீதிதான்.

ஆகவே இயந்திரத்தையும் மனிதரையும் ஒருவருக்கொருவர் காவலாக வைக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2023 முதல், ஆளெடுக்கும் மென்பொருள்களுக்குப் பாரபட்சத் தணிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மென்பொருள் ஒதுக்கிய விண்ணப்பங்களில் சிலவற்றையாவது நிறுவனங்கள் மறுபடி எடுத்துப் படித்து, அனுப்பியவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். வேலையில் இருக்கும் நாமும், அதிகம் பழகாத ஒருவர் வழி கேட்டு எழுதினால் பதில் போடுவோம். அவருக்கு நம் வட்டம்தான் புதிய வட்டம்.