உங்களுக்குத் தெரியுமா? புழுவுக்கும் வீசிங்குக்கும் உள்ள உறவு

◆ விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்காரர் ஒருவர் இரவெல்லாம் இருமினால், "மண்ணுத் தூசி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். களிமண்ணும் குவார்ட்ஸும் அரைக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் கடலூர் மாவட்டம் யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த பகுதி. அந்தப் புழுவும் ஆஸ்துமா வேஷம் போடும்!

◆ க்யூலெக்ஸ் கொசு கடித்துப் பரவும் யானைக்கால் புழுவின் குஞ்சுகளைச் சிலரின் உடல் அளவுக்கு மீறி எதிர்க்கும். குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி அழியும். கால் வீங்காது, ரத்தத்தில் புழுவும் தென்படாது. வறட்டு இருமலும் வீசிங்கும் இரவில்தான் வாட்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குள் இருக்கவேண்டிய ஈசினோபில் அணுக்கள் 3,000-ஐத் தாண்டிவிடும். டாக்டர் தரும் டி.இ.சி. மாத்திரையை வழக்கமாக 3 வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழும். மலிவான ஒரு ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆண்டுக்கணக்கில் இன்ஹேலரோடு காலம் தள்ளுவது எவ்வளவு பெரிய கொடுமை!

◆ இந்த நோயை முதலில் கவனித்து எழுதியவர்களில் இருவர் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர்கள். மதனப்பள்ளி சென்னை மாகாணத்தில் இருந்த காலம். அங்குள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள், காசநோய் போலவே தெரிந்தும் காசநோய் அல்லாத நோயாளிகளைப் பற்றி 1940-இல் எழுதினார்கள். 1943-இல் வைங்கார்ட்டன் என்ற மருத்துவர் அதற்கு 'வெப்பமண்டல ஈசினோபீலியா' என்று பெயர் வைத்தார்.

◆ புழுவை விரட்ட உடல் எடுக்கும் ஆயுதங்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதமும் ஈசினோபிலும். தூசிப்பூச்சிக்கும் மகரந்தத்துக்கும் நாம் தும்முவது இதே ஆயுதங்களால்தான்.

◆ ஆனால் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ரத்தப்புழு தொற்றிய பள்ளிப் பிள்ளைகளுக்குத் தூசிப்பூச்சி ஒவ்வாமை குறைவாக இருந்தது என்று 2000-இல் வெளியான ஆய்வு சொன்னது. நீண்டநாள் வாழ நினைக்கும் புழு, நம் எதிர்ப்புச் சக்தியைத் தட்டித் தூங்கவைக்கிறது. எல்லாப் புழுவும் அப்படியல்ல. கொக்கிப்புழு உள்ளவர்களிடம் ஆஸ்துமா குறைவு, உருண்டைப்புழு உள்ளவர்களிடம் அதிகம் என்று 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

◆ அதற்காகப் பூச்சி மாத்திரையைத் தவிர்க்கவே கூடாது. முந்திரித் தோப்பில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் பாதத் தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழு, குடலில் ரத்தம் குடித்துச் சோகையாக்கிவிடும். குடற்புழு நீக்க நாட்கள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், 1 முதல் 2 வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதி மாத்திரை. பிள்ளைகள் மென்று தின்னவேண்டும். சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம்.