கழுத்தில் ரத்தம் சீறினால்

கழுத்து டாப்ளர் ஸ்கேன் அறிக்கையில் ரத்தத்தின் வேகம் கூடுதல் என்று போட்டிருந்தால், 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று நிம்மதியடையத் தோன்றும். உண்மை நேர்மாறு. ஹோஸ் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதைப் போல, தமனி சுருங்கிய இடத்தில்தான் ரத்தம் சீறும். இதயம் சுருங்கும் நேரத்து வேகம் விநாடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு, 230ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று பொதுவாகக் கணிக்கிறார்கள்.

பிரியும் இடத்தில் படியும் கொழுப்பு

கரோட்டிட் தமனிகள் கழுத்தின் இரு பக்கமும் ஏறி, தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகின்றன. ஒரு கிளை முகத்துக்கு, மற்றது மூளைக்கு. மூளைக்குப் போகும் கிளை தொடக்கத்தில் சற்றுப் புடைத்திருக்கும். ஆற்று வளைவில் வண்டல் ஒதுங்குவதுபோல, ஓட்டம் மந்தமாகிச் சுழலும் அந்தப் புடைப்பின் வெளிச்சுவரில் கொழுப்பு படிகிறது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மூன்றும் அதை வளர்க்கும்.

ஆபத்து எங்கே?

ஒரு பக்கம் ஓட்டம் குறைந்தாலும், மூளையின் அடியிலுள்ள வில்லிஸ் வளையம் வழியே மறுபக்கத்து ரத்தம் வந்து பலருக்கு ஈடுகட்டிவிடும். ஆனால் கொழுப்புப் படிவு வெடித்தால் அதன்மேல் ரத்தம் உறையும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய், மூளையின் சிறு குழாயை அடைக்கும். கரோட்டிட் அடைப்பால் பக்கவாதம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

சில நிமிடம் வந்து போகும் அறிகுறி

ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறையும். ஒரு பக்கக் கை மரத்துப்போகும், வாய் கோணும், பேச்சு குழறும். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். வீட்டில் "பித்தம்தான், வெயிலில் போனாயே" என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். இதைவிட ஆத்திரமூட்டும் வழக்கம் எனக்கு வேறில்லை. பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம் அடுத்த சில நாட்களில்தான்.

மருந்தும் அறுவையும்

அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களை வட அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 1991இல் வெளியான முடிவு: மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு இரண்டே ஆண்டுகளில் அதே பக்கத் தமனியால் பக்கவாதம், அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். இன்று ஸ்டாட்டின் போன்ற மருந்துகள் வந்துவிட்டதால், அறிகுறியே இல்லாத பலருக்கு மருந்தே போதுமானதாக இருக்கிறது. அறிகுறி கண்டவருக்கு அறுவை தேவையென்றால் இரண்டு வாரத்துக்குள் செய்வதே நல்லது.

எனவே கை சரியாகிவிட்டது என்று படுத்துவிடாதீர்கள். அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள்.